ஆடுகளத்து மனப்பயிற்சியும் அன்றாட வாழ்வும்

2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தயங்களில், 50 மீட்டர் தூரத்து இலக்கை மூன்று நிலைகளில் சுடும் துப்பாக்கிப் போட்டியின் இறுதிச் சுற்றில், கடைசிக் குண்டு ஒன்றே பாக்கியிருந்த தருணத்தில், அமெரிக்க வீரர் மாத்தியூ எம்மன்ஸ் மற்றெல்லோருக்கும் முன்னணியில் நின்றார். தங்கப் பதக்கத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது, அவருடைய தரத்துக்கு மிகவும் சாதாரணமான ஒரே ஒரு சுடுதல். அவர் நிதானமாக மூச்சை அடக்கிச் சுட்டார். அவருக்குத் தங்கம் வாங்கித் தரப் போதுமான அளவுக்கு மையத்தை நெருங்கியே குண்டும் பாய்ந்தது. ஆனால் பாய்ந்த இடம் அடுத்த தடத்தில் நின்ற ஆஸ்திரிய வீரருடைய இலக்கு. ஆகவே அந்தக் குண்டுக்குப் பூஜ்யமே கிடைத்தது. முதலிடத்தில் இருந்தவர் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். வழக்கமாக அவர் முதலில் இலக்குக்கு மேலே குறித்திருக்கும் தட எண்ணைப் பார்த்துக்கொண்டு, அதன் பின்னரே துப்பாக்கியைத் தாழ்த்தி மையத்துக்கு வருவார்; அந்தக் கடைசித் தடவை, மனத்தை அமைதிப்படுத்துவதிலேயே சித்தம் முழுவதும் சென்றுவிட்டபடியால், எண்ணைப் பார்க்கிற அந்தச் சிறு காரியம் விடுபட்டுப் போயிற்று.

அவருடைய கண்ணோ கையோ கருவியோ அன்று பழுதுபடவில்லை. அஞ்சாமையும் விடாமுயற்சியும் அவரிடம் குறைவாக இருந்தன என்று சொல்வாரும் இல்லை, ஏனெனில் அதே பந்தயங்களில் சில நாட்களுக்கு முன்புதான் படுத்த நிலைப் போட்டியில் அவர் தங்கம் வென்றிருந்தார். குறைந்தது ஒரு வழக்கத்தின் ஒரு கணு மட்டுமே. விளையாட்டு வீரனுடைய மனோபலம் என்று நாம் பொதுவாகப் புகழ்ந்து பேசுகிற பெரிய விஷயம், கிட்டே சென்று பார்க்கும்போது, இத்தகைய சிறு சிறு வழக்கங்களின் தொகுதியாகவே காணப்படுகிறது. அவற்றைப் பரீட்சை எழுதும் மாணவனும், சத்திர சிகிச்சை செய்யும் மருத்துவரும், தொலைபேசிக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தரும் தமதாக்கிக்கொள்ள முடியுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் விஷயம். முடியும் என்பதற்குத் தக்க சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அது தானாக நடப்பதில்லை என்பதற்கும் அதே அளவு பலமான சான்றுகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

ஆராய்ச்சி வளர்ந்த வழி

விளையாட்டையும் மனத்தையும் இணைத்துப் பரிசோதனை செய்யும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட், தனியாகச் செல்லும் சைக்கிள் வீரனைவிடப் பிறரோடு போட்டியிட்டுச் செல்பவன் வேகமாகச் செல்வதைக் கண்டு, அதன் காரணத்தை அறியும்பொருட்டு 40 சிறுவர் சிறுமியரிடம் தூண்டில் உருளையைச் சுற்றச் சொல்லி நேரத்தை அளந்து, 1898-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். போட்டி வேகத்தைக் கூட்டும் என்பதே அதன் சாரம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். மூலத்தில் உள்ள கணக்கு அவ்வளவு எளிதானதன்று. பக்கத்தில் இன்னொருவர் சுற்றும்போது 20 பேர் வேகம் பெற்றார்கள்; 10 பேர் பரபரப்பு மிகுந்து தடுமாறி முன்னிலும் பிந்தினார்கள்; எஞ்சிய 10 பேரிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் இல்லை. ஒரே சூழ்நிலை ஒருவரை ஏற்றிவிடுகிறது, மற்றொருவரைக் கவிழ்த்துவிடுகிறது என்ற உண்மை இத்துறையின் முதல் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

அதன்பின் இல்லினாய் சர்வகலாசாலையில் கோல்மன் கிரிஃபித் என்பவர் 1925-இல் விளையாட்டு ஆராய்ச்சிக்கென்றே ஒரு பரிசோதனைச் சாலை அமைத்தார். 1938-இல் சிக்காகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் அணிக்கு மனோதத்துவ ஆலோசகராகவும் அமர்த்தப்பட்டார். அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சார்லி கிரிம் அவருடைய யோசனைகளை ஏற்க மறுத்தமையால் அந்த முயற்சி பலன் தராமல் முடிந்தது. அனுபவமுள்ள பயிற்சியாளருக்கு ஏட்டறிஞர்மீது இருந்த அவநம்பிக்கை தேய்ந்து மறையப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றோ பெரிய அணிகள் பல மனப்பயிற்சியாளரோடே புறப்படுகின்றன. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த தென்னாப்பிரிக்கரான பேடி அப்டனே, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷுக்கும் துணை நின்றவர். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். முன்னிலை பெற்ற பிறகு பன்னிரண்டாம் ஆட்டத்தில் மறுபடியும் தோற்றார். அவ்விரு தோல்விகளையும் அடுத்த ஆட்டத்தின் மேசைக்குத் தூக்கிச் செல்லாமல், பதினான்காம் ஆட்டத்தில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

ஓரிடத்துத் திறமை வேறிடத்துக்குச் செல்லுமா?

விளையாட்டு மைதானத்தில் ஓடியாடியவன் வாழ்க்கையிலும் ஒழுக்கசீலனாகவும் திடசித்தனாகவும் விளங்குவான் என்பது பள்ளி ஆண்டு விழாக்களில் தலைமை வகிப்போர் தவறாது சொல்லும் வாக்கியம். இதனை ஆராய்ச்சி ஆதரிக்கவில்லை. புரூஸ் ஓகில்வி, தாமஸ் டுட்கோ என்னும் இரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள், விளையாட்டு வீரர்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்த பின் 1971-இல் எழுதிய கட்டுரையில், நற்குணங்களை விளையாட்டு உண்டாக்குகிறது என்பதற்குத் தமக்கு ஆதாரம் எதுவும் கிட்டவில்லை என்று கூறி, அந்த நோக்கம் உடையவர்கள் வேறு வழி தேடிக்கொள்வதே நலம் என்ற கருத்துப்படத் தலைப்பிட்டார்கள். ஏற்கெனவே அக்குணங்கள் வாய்த்தவர்கள் களத்தில் நிலைத்து நிற்கிறார்கள், மற்றவர்கள் இடையிலே உதிர்ந்து போகிறார்கள். எஞ்சி நிற்பவர்களைப் பார்த்து நாம் அதைக் களத்தின் மகிமை என்று எண்ணிக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய விளக்கம்.

இதைவிட ஆழமான தடை ஒன்றை எட்வர்டு தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் 1901-லேயே எடுத்துக்காட்டியிருந்தார்கள். ஒரு வகை உருவங்களின் பரப்பை உத்தேசமாக மதிப்பிடுவதில் நன்றாகப் பழகியவர்கள், வேறு அளவும் வடிவமும் கொண்ட உருவங்களுக்கு வந்தவுடன் அந்தப் பழக்கத்தின் பயனைப் பெரும்பாலும் இழந்துவிட்டார்கள். இரண்டு காரியங்களுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கே திறமை இடம் மாறும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதற்கு ஓர் ஓட்டப்பந்தய வீரனே பிற்காலத்தில் அழகான உதாரணமாக அமைந்தான். கார்னெகி மெலன் சர்வகலாசாலையில், நொடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் இலக்கங்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லும் அப்பியாசத்தில் ஒரு மாணவன் ஈடுபடுத்தப்பட்டான். தொடக்கத்தில் எல்லோரையும்போல ஏழு இலக்கங்களைச் சொன்னவன், ஏறத்தாழ 20 மாதப் பழக்கத்தில் 79 இலக்கங்கள் வரை சொல்ல வல்லவனானான். அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். ஆகையால் 3, 4, 9, 2 என்று கேட்டால் அதை 3 நிமிஷம் 49.2 விநாடி என்று, ஒரு மைல் ஓட்டத்தின் உலக சாதனைக்கு அணித்தான நேரமாக, முடிந்து வைத்துக்கொண்டான். 1980-இல் வெளியான அந்த ஆய்வின் சுவையான பகுதி அதற்குப் பின்னே வருகிறது: இலக்கங்களை விட்டு எழுத்துகளைச் சொன்னபோது அவனுடைய ஞாபகசக்தி ஆறு எழுத்துகளோடு நின்றுவிட்டது. ஞாபகம் என்னும் பொதுச் சக்தி அவனிடம் வளரவே இல்லை. இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றும் உபாயம் ஒன்றே வளர்ந்திருந்தது.

ஆகவே மைதானத்தில் பெற்ற மன உறுதி என்பதும், எங்கு வேண்டுமானாலும் செலவழிக்கத்தக்க பொது நாணயம் அன்று. வர்ஜீனியா காமன்வெல்த் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன் டேனிஷ், விளையாட்டின் மூலம் இளைஞர்களுக்கு வாழ்க்கைத் திறன்களைப் புகட்டும் திட்டங்களை வகுத்தபோது இந்த உண்மையையே அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார். இலக்கு வகுத்தல், தன்னைத் தானே தேற்றிக்கொள்ளுதல், இடையூறுக்கு முன்கூட்டி வழி தேடுதல் ஆகியவற்றை வீரன் களத்தில் பழகியிருந்தாலும், இன்ன உபாயத்தை வகுப்பறையில் இன்னவாறு பிரயோகிக்கலாம் என்று ஒருவர் எடுத்துக்காட்டி, அவன் அதை அங்கேயும் பழகினால் ஒழிய, அவை களத்திலேயே தங்கிவிடும் என்பது அவருடைய துணிபு. எந்த எந்த உபாயங்கள் இவ்வாறு இடம் பெயரத் தக்கவை என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மனத்தில் நடத்தும் ஒத்திகை

உடம்பை அசைக்காமல் ஒரு செயலை மனத்திலேயே நடத்திப் பார்ப்பது பயன் தருமா என்ற கேள்விக்கு, டெபோரா ஃபெல்ட்ஸ், டேனியல் லாண்டர்ஸ் ஆகிய இருவர் 60 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, பயிற்சியே செய்யாமல் இருப்பதைவிட மனப்பயிற்சி சிறந்தது என்று 1983-இல் விடை கூறினார்கள். 1994-இல் டிரிஸ்கெல் முதலியோர் செய்த மற்றொரு தொகுப்பாய்வு அதை ஒப்புக்கொண்டு, மூன்று நிபந்தனைகளையும் சேர்த்தது: மெய்யான பயிற்சிக்கு இது ஈடாகாது, நாட்கள் செல்லச் செல்ல இதன் பயன் தேயும், ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதால் நன்மை கூடுவதில்லை, சுமார் 20 நிமிஷமே உகந்தது. லண்டனில் இளம் சத்திர வைத்தியர்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை மாதிரிக் கருவியில் செய்வதற்கு முன் அதன் ஒவ்வொரு படியையும் மனத்தில் நடத்திப் பார்த்தவர்கள், அவ்வாறு செய்யாதவர்களைவிட நேர்த்தியாகச் செய்தார்கள். கத்தி பிடிக்கும் கைக்கும் மட்டை பிடிக்கும் கைக்கும் இவ்விஷயத்தில் பேதம் இல்லை.

ஆனால் எதை ஒத்திகை பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். கலிபோர்னியாவில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகிய இருவர், இடைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை வகைப்படுத்தி, தினந்தோறும் சில நிமிஷம் ஒரு காட்சியைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு சாரார் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்ந்து நிற்கும் காட்சியைக் கண்டார்கள்; மற்றொரு சாரார் மேசையருகே அமர்வதையும், வானொலியை நிறுத்துவதையும், வெளியே வா என்று அழைக்கும் நண்பனை மறுத்து அனுப்புவதையும், ஏட்டைத் திறப்பதையும் கண்டார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, படிக்கும் முறையைக் கற்பனை செய்தவர்கள் முன்னதாகவே படிக்கத் தொடங்கி மேலான மதிப்பெண்ணும் பெற்றார்கள். வெற்றியை மட்டும் கற்பனை செய்தவர்களோ படித்த நேரத்திலும் குறைந்தார்கள், மதிப்பெண்ணிலும் பின்தங்கினார்கள். வெற்றியைக் கண்முன் நிறுத்திக்கொள், அது உன்னைத் தேடி வரும் என்று மேடைகளில் உபதேசிக்கிறவர்கள், பலன் வந்துவிட்டதுபோன்ற திருப்தியைக் கேட்பவருக்கு முன்பணமாகக் கொடுத்து, உழைக்க வேண்டிய உந்துதலை வாங்கிக்கொண்டு விடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நல்ல வீரனுடைய ஒத்திகையில் வெற்றிக்கு உள்ள இடத்தைவிட இடையூறுக்கு உள்ள இடம் பெரிது. 2008-இல் பீஜிங் நகரத்தில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் குதித்தவுடனே அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, போகப் போகச் சுவரும் தெரியாத நிலை ஏற்பட்டது. எத்தனை கைவீச்சில் கரை வரும் என்பது அவருக்கு முன்பே மனப்பாடமாக இருந்தபடியால், வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிஷம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். இத்தகைய விபத்துகளை எதிர்பார்த்து, அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன் முன்பு ஒரு தடவை வேண்டுமென்றே அவருடைய கண்ணாடியை மிதித்துக் கெடுத்துவிட்டு நீந்த வைத்ததுண்டு. அன்றாட வாழ்வில் நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறவன், தான் தங்கு தடையின்றிப் பேசி எல்லோரும் தலையசைக்கும் காட்சியை நினைத்து நினைத்து மகிழ்வதைவிட, விடை தெரியாத முதல் கேள்வி விழும்போது தன் வாயிலிருந்து வரவேண்டிய முதல் வாக்கியம் இன்னது என்று தீர்மானித்து வைத்துக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல்.

நடைமுறை வரிசையும் ‘இப்படியானால் இப்படி’ என்ற ஏற்பாடும்

எம்மன்ஸ் விட்டுவிட்ட அந்த ஒரு படி, வழக்க வரிசையின் பயனை எதிர்மறையாக விளக்குகிறது. படபடப்பான வேளையில் மனம் எதையாவது மறப்பது இயல்பு; ஆதலால் மறக்கக்கூடாததை ஞாபகத்தின் பொறுப்பிலிருந்து எடுத்து வழக்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் நன்றாக அறிந்த விடையைத் தவறான வினா எண்ணின் கீழ் எழுதிவிட்டு வருகிறார்கள்; தேர்வு முடிந்து தாழ்வாரத்தில் வினாத்தாளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நெஞ்சு பகீரென்கிறது. இப்பிள்ளைக்கு ஜாக்கிரதையாக எழுது என்று நூறு தடவை சொல்வதால் பயன் இல்லை. வினா எண்ணில் இடது கை விரலை வைத்துக்கொண்டு, விடைத்தாளின் ஓரத்தில் அதே எண்ணை எழுதிய பிறகே முதல் வரியைத் தொடங்குவது என்ற பழக்கத்தை, வீட்டில் எழுதும் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் வழுவாமல் செய்வித்தால், பொதுத் தேர்வு நாளன்று அவன் நினைக்காவிட்டாலும் விரல் நினைத்துக்கொள்ளும்.

இதனை ஒட்டிய மற்றொரு சாதனத்தை ஜெர்மானிய அறிஞர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இன்னது செய்வேன் என்ற சங்கல்பம் மட்டும் போதாது. இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் இன்ன நிலை நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டபோது, எங்கே எப்பொழுது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். வெறும் எண்ணத்தோடு சென்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இம்முறையின் பயன் உறுதிப்பட்டது. பந்து இப்படி வந்தால் கால் இப்படி நகரும் என்று மட்டையாளன் வலைப்பயிற்சியில் பதித்துக்கொள்வதும் இதுவே. நாளை முதல் மாலையில் நடப்பேன் என்று சங்கல்பம் செய்கிற சர்க்கரை நோயாளி, அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தெருமுனை வரை திரும்பி நடப்பேன் என்று அதை மாற்றிக்கொண்டால், சங்கல்பம் காரியமாக மாறுவதற்கு வழி பிறக்கிறது.

கவனத்தை நிறுத்தும் இடம்

ஏகாக்கிர சித்தம் வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சித்தத்தை எதன்மேல் நிறுத்துவது என்பதைச் சிலரே சொல்வார்கள். சயான் பைலாக், தாமஸ் கார் ஆகியோர் 2001 முதல் வெளியிட்ட ஆய்வுகள், கோல்ஃப் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் தம் கை கால்களின் அசைவைப் படிப்படியாகக் கவனிக்கத் தொடங்கினால் ஆட்டம் கெடுகிறது என்பதையும், புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவுகிறது என்பதையும் காட்டின. நன்றாகப் பழகிய செயலை அறிவு மறுபடியும் கையிலெடுத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடத்த முயல்வதே நெருக்கடியில் தேர்ந்தவர்கள் தடுமாறுவதற்கு ஒரு முக்கிய காரணம். கற்கும் காலத்தில் அசைவைக் கவனிக்க வேண்டும். கற்றபின் அசைவின் பயன் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே கவனத்தை அனுப்பிவிட வேண்டும். மேடையில் பேசுகிறவர் தம் குரலும் கையும் எப்படி இருக்கின்றன என்பதை மறந்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இந்த விஷயம் விளங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கும்போதே பேச்சு நிமிர்வதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

இந்தக் கருத்தைக் களத்திலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுசென்றவர் டிமதி கால்வே. டென்னிஸ் ஆசிரியராக இருந்த அவர், கையை இப்படி வை, முழங்காலை மடக்கு என்று கட்டளையிடுவதை நிறுத்திவிட்டு, பந்து தரையில் பட்டு எழும் கணத்திலும் மட்டையில் படும் கணத்திலும் அதைச் சொல்லிக்கொள்ளுமாறு மட்டும் மாணவர்களைப் பணித்தார்; பந்தைக் கவனிப்பதில் மனம் ஈடுபட்டவுடன் உடம்பு தன் வேலையைத் தானே திருத்திக்கொண்டது. 1974-இல் வெளியான அவருடைய டென்னிஸ் நூல் புகழடைந்த பின், ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசிக் கம்பெனியில் இணைப்பு தரும் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க அவர் அழைக்கப்பட்டார். வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று அவர் போதிக்கவில்லை. அழைக்கிறவருடைய குரலில் பரபரப்பு எவ்வளவு, கனிவு எவ்வளவு என்று கவனித்து மதிப்பெண் இட்டுப் பார்க்கச் சொன்னார். நாள் முழுவதும் ஒரே சொற்களைச் சொல்லிச் சலித்தவர்களுக்கு அது ஒரு விளையாட்டாயிற்று. குரலைக் கேட்கக் கேட்க மரியாதை தானே வந்தது, களைப்பும் குறைந்தது என்று அவர் தம் பிந்திய நூலில் விவரிக்கிறார். வங்கி முகப்பிலும், ரேஷன் கடையிலும், மருத்துவமனைச் சீட்டு கொடுக்கும் இடத்திலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடத் தகுந்த பாடம் கிடைப்பது அரிது.

படபடப்போடு பழகுதல்

வீரன் அச்சமற்றவன் என்பது நாம் கட்டிவைத்த கற்பனை. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் மையப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. இதயத் துடிப்பேகூடக் குறியைக் கலைக்கப் போதும். 2004-இல் ஏதென்ஸில் மூன்றாம் இடத்தோடு இறுதிச் சுற்றில் நுழைந்த அபினவ் பிந்த்ரா ஏழாம் இடத்தில் முடித்தார். அடுத்த நான்கு ஆண்டுகளை அவர் அச்சத்தை ஒழிப்பதில் செலவழிக்கவில்லை. அச்சம் இருக்கும்போதே சுடுவது எப்படி என்று கற்பதில் செலவழித்தார். பீஜிங்கில் உள்ள பெரிய அரங்குக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ளும்பொருட்டு, கல்யாணங்கள் நடக்கும் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அங்கே பயிற்சி செய்தார். 2008 ஆகஸ்டு 11-ஆம் தேதி இறுதிச் சுற்றுக்கு முன் முன்னோட்டமாகச் சுட்டபோது, தம் துப்பாக்கியின் குறிநோக்கி அமைப்புக் கலைந்திருப்பதைக் கண்டார் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். யார் செய்தது, ஏன் செய்தது என்று ஆராய அது நேரம் அன்று. இருந்த சில நிமிஷங்களில் அதைச் சரிசெய்துகொண்டு களத்தில் நின்றார். ஒரே குண்டு பாக்கியிருக்கும்போது ஃபின்லாந்து வீரர் ஹாக்கினென் அவரோடு சம நிலையில் இருந்தார். அந்தக் குண்டில் பிந்த்ரா 10.8 எடுத்து, மொத்தம் 700.5 புள்ளிகளோடு, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

படபடப்பை அடக்கு என்பதைவிட அதற்கு வேறு பொருள் கொடு என்பது எளிதில் செய்யக்கூடியது என்று ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பாடவும், மேடையில் பேசவும், கணக்குப் போடவும் வந்தவர்களில், நான் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, நான் உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் மேம்பட்டுச் செய்தார்கள். படபடப்பிலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே விதமாகத்தான் அடித்துக்கொள்கிறது. துடிக்கும் இதயத்தை நிறுத்துவது நம் வசத்தில் இல்லை, அதற்கு நாம் இடும் பெயரோ நம் வசத்தில் இருக்கிறது.

எல்லைகள்

இவ்வளவும் சொன்னபின், களத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள பேதத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. களத்தில் எல்லைக்கோடு உண்டு, நடுவர் உண்டு, அடித்த அடியின் பலன் அடுத்த நொடியே தெரிந்துவிடும். ராபின் ஹோகார்த் என்னும் அறிஞர் இத்தகைய சூழலைக் கற்பவனிடம் தயை காட்டும் சூழல் என்றும், பலன் தாமதித்தும் திரிந்தும் வருகிற சூழலைக் கொடிய சூழல் என்றும் பிரித்தார். குழந்தை வளர்ப்பிலும், நட்பிலும், நெடுநாள் நோயாளியைப் பேணுவதிலும் மதிப்பெண் பலகை இல்லை. அங்கே வெற்றி தோல்விக் கணக்கைக் கொண்டுசெல்கிறவன் பயிற்சியாளனாக இருக்கமாட்டான், வீட்டாருக்குத் தொல்லையாகவே இருப்பான். போட்டிக் காலம் முடிந்தபின் ஓய்வுக் காலம் ஒன்று வீரனுக்கு உண்டு. அதை விட்டுவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஊழியரிடம் வீர மனப்பான்மையை எதிர்பார்க்கும் முதலாளி, பாடத்தில் பாதியைக் கிழித்துவிட்டுப் படித்தவராவார்.

மனப்பயிற்சி மனநலம் ஆகாது என்பதும் நினைவில் நிற்க வேண்டும். தங்கம் வென்றபின் தம்மைச் சூழ்ந்த வெறுமையே தம் வாழ்வின் பெரிய மனச்சங்கடமாக இருந்தது என்று பிந்த்ரா வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2021-இல் டோக்கியோவில், அந்தரத்தில் தன் உடலின் நிலையை மனம் உணர மறுத்தபோது, சிமோன் பைல்ஸ் பல போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கவும் கூடும். எப்பொழுது நிறுத்துவது என்று அறிவதும் மனத்திறமையின் ஒரு பகுதியே. அவ்வாறே, வறுமையாலும் வேலையின்மையாலும் வாடுகிறவனிடம் உனக்கு மன உறுதி போதாது என்று சொல்வது ஆராய்ச்சிக்கும் பொருந்தாது, கருணைக்கும் பொருந்தாது.

செய்யத்தக்கது

இவற்றால் பெறப்படும் முடிவு எளியது. வாழ்க்கைக்கு உதவுவது பதக்கமும் ஆவேசமும் தரும் கிளர்ச்சி அன்று. பலனை விட்டு முறையை ஒத்திகை பார்த்தல், மறக்கக்கூடாததை வழக்கமாக்குதல், இடையூறுக்கு முன்பே விடை வைத்தல், கவனத்தைத் தன்னிடமிருந்து காரியத்துக்கு மாற்றுதல், படபடப்போடு பகை கொள்ளாதிருத்தல் என்னும் ஐந்துமே. இவை எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்கக்கூடியவை. கற்பித்தால் ஒழிய வராதவை. நம் பள்ளிகளிலோ தேர்வு நெருங்கியவுடன் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். எஞ்சும் வேளைகளிலும் பந்தைக் கொடுத்துவிட்டு மணி அடிக்கும் வரை விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஆட்டம் முடிந்த பிறகு பத்து நிமிஷம் பிள்ளைகளை உட்கார வைத்து, இன்று கோல் விழுந்தபின் நீ எப்படி மனத்தைத் தேற்றிக்கொண்டாய், அதே காரியத்தை நாளைக் கணக்குத் தேர்வில் எந்த இடத்தில் செய்வாய் என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே விடை சொல்லச் செய்யட்டும். பெற்றோர் அந்தப் பாடவேளையைப் பறிகொடுக்காமல் காக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய பணமும் வேண்டாம். கேட்பதற்கு ஓர் ஆசிரியரும் பத்து நிமிஷமும் இருந்தால் போதும்.